அடுப்பு ஒரு நாள், புகைக்கூடு மூன்று மாதம்

பழைய அடுப்பை உடைத்து அள்ள ஒரு சனிக்கிழமைக் காலை போதுமாக இருந்தது. புதியதை வைக்க இன்னொரு நாள். ஆனால் அதில் கண் எரியாமல் ஒரு பானை சோறு வடிக்க மூன்று மாதத்துக்கு மேல் போய்விட்டது. மல்லுக்கட்டு முழுவதும் அடுப்புக்கு மேலே இருக்கிறவற்றோடுதான்.

வீடு கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள். முன்பாதி ஓடு, பின்பாதி அஸ்பெஸ்டஸ் சீற். குசினி மூலையில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மேடை, மூன்று பக்கமும் சுவர், மேலே கூம்பிக்கொண்டு போகும் செங்கல் புகைக்கூடு. காஸ் வந்த பிறகு அந்த மேடையில் அரிசி வாளியும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் குடியேறிவிட்டன. 90களில் கூரையை மாற்றியபோது அப்பா புகைக்கூட்டின் வாயை ஒரு கொன்கிரீட் பலகையால் மூடி, அதன்மேலே சீற்றை ஓடவிட்டார். மழை ஒழுகாது, காகம் கூடு கட்டாது. அன்றைக்கு அது நல்ல யோசனைதான்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாய்க்குப் போனது. விலை இருந்தது, காஸ் இல்லை. இரண்டு நாள் வரிசையில் நின்று வெறும் சிலிண்டரோடு திரும்பிய இரவு, பத்திரிகைக் கட்டை இறக்கிவிட்டு மேடையில் நெருப்பு மூட்டினோம். புகை மேலே போய், பலகையில் முட்டி, திரும்பி வந்து, குசினி, ஹோல், அம்மாவின் அறை என்று வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தது. அப்பா மூடிய கதை அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து பின்வளவில் மூன்று செங்கல். மழை வந்தால் பாண்.

வரிசைகள் முடிந்து காஸ் ஒழுங்காக வந்த பிறகும் அம்மா அந்த மூன்று கல்லை எடுக்க விடவில்லை. சோறும் ஒரு கறியும் விறகில், தேத்தண்ணியும் பொரியலும் காஸில் என்று தானாகவே ஒரு பாகப்பிரிவினை நடந்திருந்தது. எழுபது வயதில் குடையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து ஊதுகிற ஆளை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? குசினிக்குள் ஒழுங்கான ஒரு விறகடுப்பு வைப்பதென்று முடிவெடுத்தேன்.

எந்த அடுப்பு என்பதில் அதிகம் குழம்பவில்லை. ரொக்கெட் அடுப்பைப் பற்றி நிறையப் பார்த்தேன். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி வகுத்த முறை அது. சுள்ளியிலேயே நன்றாக எரியும், புகையும் குறைவு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பானைதான். சோறு வடியும்போதே பக்கத்தில் பருப்பு கொதிக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. ஆகவே அனகி.

அனகி என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது என்று பொருள். 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐ.டீ.டீ.ஜி. என்ற பிரித்தானிய அமைப்பும் சேர்ந்து உருவாக்கி, குயவர்களுக்குச் செய்யப் பழக்கிய மண் அடுப்பு. மின்சாரம் விற்கிற சபை விறகடுப்பு பரப்பிய நாடு நம்முடையது. முழு அடுப்பும் ஒரே துண்டு. முன்னால் விறகு வைக்கும் வாய், அதற்கு நேர்மேலே முதல் பானை. அங்கே நின்று சுற்றிய சூடு ஒரு சின்னச் சுரங்க வழியால் சாய்வாக ஏறி இரண்டாவது பானையின் அடிக்குப் போகும். மூன்று கல் அடுப்பில் காற்று அள்ளிக்கொண்டு போகிற சூடுதான் இங்கே பருப்பை வேக வைக்கிறது. இதற்கென்று தனிக் குழாய் கிடையாது. புகைக்கூட்டின் கீழோ, நன்றாகக் காற்றோடுகிற இடத்திலோதான் வைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தை நான் முதலில் பெரிதாக எடுக்கவில்லை.

கண்டி வீதியில் கேகாலைக்கு அருகே மொலகொட என்ற ஊரில் வீதியோரம் மண்பாண்டக் கடைகள் இருக்கின்றன. ஒரு சாவீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் இறங்கினேன். விரலால் சுண்டிப் பார்த்து வாங்க வேண்டும். நன்றாக வெந்தது கணீரென்று சொல்லும், வெடித்தது சத்தத்தை விழுங்கிவிடும். உடைந்தால் இன்னொரு தடவை வர அலுப்பு என்று இரண்டு வாங்கினேன். மடியில் ஒன்று, காலடியில் ஒன்று, கொழும்பு வரை பஸ். கண்டக்டர் அவற்றுக்கும் டிக்கெட் கேட்டார். பகிடிக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

உடைப்பதற்கு ஒழுங்கையின் முனையில் இருக்கும் மேசன் பாஸ் அலவாங்கோடு வந்தார். மேடையை விட்டுவிட்டு, அதன் மேலிருந்த பழைய அடுப்புக் கட்டிகளையும் வெடித்த பூச்சையும் மட்டும் எடுத்தோம். புகைக்கூட்டுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் சாதாரண கரி, தொட்டால் மாப்போல உதிர்ந்தது. மேலே போகப் போக வார்னிஷ் பூசியது போலப் பளபளப்பான கறுப்பு, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஈர விறகு, மூச்சு முட்டி எரிகிற நெருப்பு, குளிர்ந்த சுவர் மூன்றும் சேர்ந்தால் புகையில் எரியாமல் மிஞ்சிய தார் இப்படித்தான் படிந்து இறுகும். கிரியோசோட் என்பார்கள். கரி வேறு, இது வேறு. இது நெருப்புக் கண்டால் தானே எரியும். முப்பது வருடத்துக்கு முன்பு எரித்த விறகு எனக்காக அங்கே காத்துக்கொண்டிருந்தது. உளியால் தட்டித் தட்டி எடுக்க ஒரு பின்னேரம் போனது. கரியை அள்ளுவதற்கு முன் தண்ணீர் தெளித்துவிடுங்கள். நாங்கள் தெளிக்காமல் தொடங்கினோம், அன்றைக்குக் கொடியில் காய்ந்த வேட்டி இப்போது கார் துடைக்கிறது.

அடுத்தது கூரை. அப்பா மூடிய பலகையை எடுத்துவிட்டு, புகைக்கூட்டின் தலையிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். இந்த வேலையில் நான் உண்மையாகப் பயந்த இடம் இது ஒன்றுதான்.

“கிரைண்டரை வைத்தால் பத்து நிமிஷம், தம்பி. வட்டமாக வெட்டிக் குழாயை ஏற்றிவிடலாம்” என்றார் பாஸ். அஸ்பெஸ்டஸ் சீற் சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லை தராது. வெட்டினால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் தூசியாகக் கிளம்பும். நுரையீரலுக்குள் போனது வெளியே வராது, நோய் காட்ட இருபது, முப்பது வருடம் எடுக்கும். கிரைண்டர் என்பது அந்தத் தூசியைச் செய்கிற மெஷின். இன்னொன்றும் இருக்கிறது. கடும் சூடு பட்டால் அந்தச் சீற் பட்டென்று வெடித்துச் சிதறும். சூடான குழாயை அதன் நடுவால் கொண்டுபோவது எப்படிப் பார்த்தாலும் சரியில்லை.

ஆகவே வெட்டவில்லை. குழாய் போகவேண்டிய இடத்துச் சீற்றை முழுதாகக் கழற்றினோம். முதலில் ஸ்பிரே போத்தலால் நன்றாக நனைத்தோம். துருப்பிடித்த போல்ட்டுகளை முறுக்கினால் சீற் உடையும் என்பதால், உட்பக்கத்திலிருந்து போல்ட்டை மட்டும் அரம்வாளால் அறுத்தோம். சீற்றின்மேல் யாரும் கால் வைக்கவில்லை. ஏணியும் பலகையும்தான். கொரோனாக் காலத்துத் துணி முகமூடி இதற்குப் போதாது, முகத்தோடு ஒட்டி மூடுகிற வடிகட்டி முகமூடி வேண்டும். இறக்கிய சீற்றைத் தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றி ஒட்டினோம். அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அன்று முழுக்க அந்தப் பக்கம் விடவில்லை. வெறுமையான இடத்தில் ஒரு தகரச் சீற் போட்டோம், தகரத்தை எப்படியும் வெட்டலாம். உங்கள் சீற் ஏற்கனவே வெடித்து நொறுங்கியிருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள், பழக்கமானவர்களைக் கூப்பிடுங்கள்.

குழாய்க்குப் பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகங்களுக்குத்தான் அந்த இடத்துக்குப் பெயர் என்றாலும், தகடு வளைத்து ஒட்டித்தருகிற பட்டறைகளும் இருக்கின்றன. மலிவு என்று முதலில் காட்டினது ஜீ.ஐ. தகடு. அதன் மேற்பூச்சு நாகம், அதாவது துத்தநாகம், 420 பாகை செல்சியஸில் உருகிவிடும். நெருப்புக்குப் பக்கத்தில் அந்தப் பூச்சு எரிந்தால் வருகிற புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம், வெல்டிங் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். ஆகவே கீழ்ப்பகுதிக்குப் பூச்சில்லாத கறுப்பு இரும்புத் தகடு, கூரைக்கு வெளியே நிற்கிற பகுதிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடற்காற்று படுகிற கொட்டாஞ்சேனையில் வெளியே கறுப்புத் தகடு அதிக நாள் நிற்காது. அடுப்புக்குக் கொடுத்த காசைப்போல முப்பது மடங்கு குழாய்க்குப் போனது. அதுவும் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

ஏனென்றால் முதலில் ஆறு அங்குலக் குழாய் போட்டோம். “ஆறு தாராளம்” என்றார் பாஸ், நானும் தலையாட்டினேன்.

இதற்கிடையில் அடுப்பை மேடையில் வைத்துச் சுற்றிக் கட்டும் வேலை. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பாஸ் நல்ல மனதோடு சீமெந்துச் சாந்து குழைத்து, கண்ணாடி போல இழைத்துப் பூசிவிட்டார். பார்க்க அழகு. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அடுப்புக்கு ஆரடா சீமெந்து பூசினது?” என்று கேட்டார். ஒரு கிழமை எரித்தோம். வாயைச் சுற்றி வெடித்து, அப்பளம் போலக் கழன்று விழுந்தது. சீமெந்து இறுகி நிற்பது அதற்குள் பிணைந்திருக்கும் தண்ணீரால். நானூறு பாகைக்கு மேல் அந்தப் பிணைப்பு போய்விடும்.

அதன்பிறகு மண்வேலைக்கு அம்மாதான் மேஸ்திரி. கம்பஹாப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வளவிலிருந்து புற்றுமண் இரண்டு உரப்பை வந்தது. பால்மாப் பேணியால் அளந்து மூன்று பங்கு மண், இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு உமி, கொஞ்சம் சாணம். சாணத்துக்குக் கொழும்பில் எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம், எங்கள் பக்கத்து வீதிகளில் மாடுகள் தாராளம். மண்ணைக் கரைத்து இரண்டு நாள் ஊறவிட்டு, காலால் மிதித்து, உருட்டிய உருண்டை கையில் வெடிக்காமல் நிற்கிற பதத்துக்கு வந்த பிறகுதான் அம்மா பூச விட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வித்தையைச் சேர்த்தேன். அடுப்பு உடம்பைச் சுற்றி நனைத்த பத்திரிகைத்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டி, அதன்மேல் மண் அப்பினோம். சூடேறும்போது சுட்ட மண் கொஞ்சம் விரியும், இடம் இல்லாவிட்டால் எங்காவது வெடிக்கும். தாள் எரிந்து போனதும் அந்த இடம் கிடைத்துவிடும். முப்பது வருடமாக அந்த மேடையில் கிடந்த பத்திரிகைகளுக்குக் கடைசியில் ஒரு உபயோகம்.

பத்து நாள் நிழலில் காயவிட்டோம். முதல் நாள் ஒரு கைப்பிடி சிரட்டை, கால் மணித்தியாலம். அடுத்த நாள் கொஞ்சம் கூட. ஐந்தாம் நாள்தான் பானை ஏறியது. நேரடியாகப் பெரிய நெருப்பு போட்டால் உள்ளே நிற்கிற ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளந்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் மயிரிழை வெடிப்புகள் இரண்டு வந்தன. சாம்பலும் களியும் கரைத்துப் பூசியதும் மூடிக்கொண்டன.

அடுப்பு அருமையாக எரிந்தது. புகைக்கூடு இழுக்கவில்லை.

மேடைக்கு முன்னால் திறந்திருக்கும் புகைக்கூட்டின் முன்வாயால் புகை பாதி வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. ஈர விறகு என்றோம், காற்றுத்திசை என்றோம், செவ்வாய்க்கிழமை தொடங்கியது பிழை என்று கூட ஒரு பெரியம்மா சொன்னார். கடைசியில் அளவுநாடாவோடு இருந்து கணக்குப் பார்த்தேன். திறந்த புகைக்கூட்டில், முன்வாயின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது குழாயின் வாய் இருக்க வேண்டும் என்று ஒரு பழைய கட்டடக் கணக்கு இருக்கிறது. எங்கள் முன்வாய் 30 அங்குல அகலம், 24 அங்குல உயரம், அதாவது 720 சதுர அங்குலம். குழாய்க்கு 72 வேண்டும். ஆறு அங்குல வட்டக் குழாய்க்கு இருப்பது வெறும் 28. பத்து அங்குலக் குழாய் என்றால் 78. இந்த மூன்று வரிக் கணக்கைக் குழாய் வாங்க முன் போட்டிருந்தால் ஒரு குழாய்க் காசு மிஞ்சியிருக்கும்.

பத்து அங்குலம் போட்ட பிறகு காலையில் நன்றாக இழுத்தது. பின்னேரத்தில் மட்டும் புகை குபுகுபுவென்று கீழே இறங்கியது. அதே நேரம் மதிலுக்கு அப்பால் இருந்து குரல் வந்தது. “மல்லி, என்னுடைய துணியெல்லாம் கருவாடு மணக்குது!” பக்கத்து வீட்டு அக்காவின் மாடிச் சுவர் எங்கள் குழாயிலிருந்து ஐந்தடி தூரத்தில், குழாயை விட உயரமாக நின்றது. பின்னேரத்தில் கடற்காற்று மேற்கிலிருந்து வந்து அந்தச் சுவரில் மோதித் திரும்பி, குழாயின் வாய்க்குள் இறங்கியிருக்கிறது. இறங்காத நேரம் அக்காவின் கொடிக்குப் போயிருக்கிறது. வட அமெரிக்கக் கட்டட விதிகளில் இதற்கு ஒரு அளவு உண்டு. கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிக்குள் நிற்கிற எதையும் விட 2 அடி உயரம். விதி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் காற்று ஒன்றுதான். அந்தச் சுவரைத் தாண்டுவதென்றால் கோயில் கொடிமரம் மாதிரி ஒன்று நட வேண்டியிருக்கும். அதனால் புகைக்கூட்டின் தலையிலிருந்து குழாயை மெல்லச் சாய்த்து, சுவரிலிருந்து விலகிய மற்ற ஓரத்தால் மேலே கொண்டுபோனோம். இடையில் மரத் தீராந்தி ஒன்று ஏழு அங்குலத்தில் நின்றது. வெறும் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குலம் விட வேண்டும், மரம் வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்து காய்ந்து ஒருநாள் சாதாரண சூட்டுக்கே பற்றிக்கொள்ளும். தீராந்தியை அறுத்து, இரும்புச் சட்டம் போட்டுக் கூரையைத் தாங்கவைத்தோம். அந்த இடத்துத் தகரச் சீற்றும் இன்னொரு தடவை மாறியது. மூன்று மாதம் இப்படித்தான் போனது.

குழாயின் தலையில் மழைத்தொப்பி, காகத்துக்காகக் கம்பிவலை. வலையை நெருக்கமாகப் போட்டேன், இரண்டே மாதத்தில் கரி அடைத்தது. இப்போது அரை அங்குலக் கண் வலை.

சரி, பாவிக்கிற கதைக்கு வருகிறேன். குசினியில் காஸ் அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் மின்விசிறி ஒன்று பூட்டியிருக்கிறது. ஒரு நாள் அம்மா மீன் பொரிக்க அதைப் போட, விறகடுப்புப் புகை முழுவதும் புகைக்கூட்டை விட்டுக் குசினிக்குள் வந்தது. விசிறி வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்? கதவு, யன்னல் மூடியிருந்ததால் புகைக்கூடு வழியாக வந்திருக்கிறது. இப்போது விறகு எரியும்போது விசிறி கிடையாது, பின்யன்னல் கட்டாயம் திறந்திருக்கும்.

காஸ் சிலிண்டரையும் வெளியே கொண்டுபோனோம். 2021 கடைசியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தவழ்ந்து போய்த் தேங்கும். அதே நிலத்தில் திறந்த நெருப்பும் தணலும் இருக்கும் குசினியில் அதற்கு இடமில்லை. சுவரில் துளை போட்டுப் பின்வளவில், கூரைக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில் வைத்தாயிற்று.

விறகு கொழும்பில் தனி வில்லங்கம். விறகுக் கடையில் வாங்கும் றப்பர் விறகு சிலநேரம் மரத்தின் பச்சை மாறாமலே வரும். ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 820 கிராம். மேடைக்குக் கீழே இரண்டு கிழமை காயவிட்டு நிறுத்தேன், 640. அந்த 180 கிராம் தண்ணீரையும் கொதிக்க வைத்துவிட்டுத்தான் நெருப்பு என் பானைக்கு வந்திருக்கும். எடை குறைவது நிற்கும்வரை காயவைப்பது என்ற கணக்கில் இப்போது ஒரு மாத விறகு முன்கூட்டியே மேடைக்குக் கீழே அடுக்கிக் கிடக்கிறது. அடுப்பு வாயிலிருந்து தள்ளி, மற்ற ஓரத்தில்.

துறைமுகத்துப் பெட்டிப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் ஒரு முத்திரை குத்தியிருக்கும், ஆங்கிலத்தில் எச்.டீ. என்றிருந்தால் பூச்சி சாகச் சூடுகாட்டிய மரம், எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நஞ்சுப்புகை அடித்தது. எம்.பி. பலகையையும் முத்திரையே இல்லாததையும் வாங்குவதில்லை. பெயின்ற் அடித்தது, பிளைவுட், மருந்தூட்டிய கட்டடப் பலகை எதுவும் அடுப்புக்குள் போகாது. சொப்பின் பையால் நெருப்பு மூட்டுகிற பழக்கத்தை விட அம்மாவோடு ஒரு மாதம் வாதாடினேன். மண்ணெண்ணெய் ஊற்றுவது எங்கள் வீட்டில் எப்போதும் இல்லை, தணல் கிடக்கும்போது ஊற்றி முகம் வெந்தவர்களை அம்மாவே பார்த்திருக்கிறார். பன்னாடை, சிரட்டை, அதற்குமேல் விரல்மொத்தச் சுள்ளி. அது போதும். வாயை விறகால் அடைக்காமல், அடியில் காற்றுப் போக இடம் விட்டு, நுனி எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். உடுப்பிலும் ஒரு மாற்றம் செய்தோம். நைலோன் ஹவுஸ்கோட்டுடன் அடுப்படிக்குப் போவதில்லை, பருத்திதான்.

காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு சேர்ந்தால் கத்துகிற அலாரம் ஒன்று வாங்கியதை வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணினார்கள். “யன்னலில்லாத வெள்ளைக்காரன் வீட்டுச் சாமான்” என்றார் சித்தப்பா. ஒக்டோபரில் ஒரு இரவு, இடியோடு மழை. சாரல் அடிக்கிறது என்று அம்மா பின்யன்னலைச் சாத்தினார். அடுப்பில் ஒரு கைத் தணல் கிடந்தது, அடுத்த நாள் காலைக்கு நெருப்பு மிஞ்சட்டும் என்று அதன்மேல் சாம்பலை மூடி, புகைக்கூட்டின் முன்வாய்க்கும் ஒரு தகரத்தைச் சாத்திவிட்டுப் படுத்தார். அந்தத் தகரம் கீழே சரிந்து விழுந்திருக்கிறது. இரவு ஒன்றரைக்கு அலாரம் அலறியது. போய்ப் பார்த்தால் புகையே இல்லை, மணமும் இல்லை. குசினிக் கதவுக்கு அடுத்த அறையில் அம்மா நல்ல தூக்கம். கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்து, அம்மாவை எழுப்பி முன்வாசலில் இருத்தினேன். தலை கொஞ்சம் இடிக்கிறது என்றார், வெளியே வந்து அரை மணித்தியாலத்தில் சரியானது. சரியாகாமல் போயிருந்தால் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் கொண்டுபோயிருப்பேன். குழாய் குளிர்ந்துவிட்டால் இழுவை இல்லை. புகை அடங்கிய தணல்தான் அந்த வாயுவை அதிகம் விடும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன்பிறகு இரவுக்குத் தணல் மிச்சம் வைப்பது நின்றது. சித்தப்பா இப்போது பற்றரி எப்போது மாற்றினாய் என்று விசாரிக்கிறார்.

சாம்பல் விஷயத்தில் பிழை என்னுடையது. முந்தின நாள் சமைத்த சாம்பல், தொட்டால் சில்லென்று இருந்தது. பிளாஸ்டிக் வாளியில் அள்ளிப் பின்கதவடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பத்துமணிக்கு அம்மா அழைத்தார். வாளிக்கு அடி இல்லை, பக்கத்தில் சாத்தியிருந்த விளக்குமாறு பாதி இல்லை. சாம்பலுக்கு நடுவே தணல் இரண்டு, மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும், சாம்பல்தான் அதற்குப் போர்வை. இப்போது மூடியுள்ள இரும்பு வாளி, சீமெந்து நிலத்தில், சுவருக்குத் தள்ளி, நான்கு நாள். அப்புறம் கறிவேப்பிலைக்குக் கொஞ்சம், பாத்திரம் தேய்க்கக் கொஞ்சம். அடுப்புக்கு எட்டாத, ஆனால் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு வாளி மணலும் இருக்கிறது. தீயணைப்புக்கு அழைக்கும் 110 என்ற இலக்கத்தை அம்மா கரித்துண்டால் சுவரிலேயே எழுதிவிட்டார்.

கை சுட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசை பூசுகிற வைத்தியத்தை எங்கள் வீட்டில் தடைசெய்தாயிற்று, பெரியம்மா மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருதடவை குழாய் துடைக்கிறேன். தும்புக்கட்டை ஒரு கயிற்றின் நடுவில் கட்டி, மேலே ஒருவர், கீழே ஒருவர் இழுப்பது. போன தடவை வந்தது உதிரிக் கரி மட்டும், ஒரு பேணி கூட நிரம்பவில்லை. பளபளப்புக் கறுப்பு எங்கும் இல்லை.

இரண்டாவது அனகி படிக்குக் கீழே உரப்பையால் மூடிக் கிடந்தது. போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, சித்திரைப் புத்தாண்டுக்குத் தன் வீட்டிலும் ஒரு மண் அடுப்பில் பால் பொங்க வைக்க ஆசை, அதைத் தருவாயா மல்லி என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். ஆள் அனுப்பி இன்றைக்கே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார்.

அடுப்பு இருக்கட்டும், முதலில் உங்கள் குசினிக் கூரை என்ன சீற் என்று பார்க்க வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏணியோடும் அளவுநாடாவோடும் போகிறேன்.